பூவந்தித் தண்ணீர்

எங்கள் மன்னிக்குத் தன் ஆள்காட்டி விரலின் மேல் அபார நம்பிக்கை. செடிக்குத் தண்ணீர் விட்டால் எல்லோரும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மன்னி போக மாட்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரைக்கும் விட்டுப் பார்ப்பாள். விரல் ஈரமாக வந்தால் எழுந்து அடுத்த செடிக்குப் போவாள். பொடி மண் ஒட்டிக்கொண்டு வந்தால் முகம் வாடிவிடும். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் எழுந்து போனால் எப்படி வாடுமோ அப்படி.

விரல் செடியோடு நிற்காது. ஊறப்போட்ட உளுந்துக்குள் போகும். தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் என் மயிர்க்காலுக்குள் போகும். எனக்கு மீசை முளைத்து, ஆபீஸ் போகத் தொடங்கின பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை. "மேலே விழுந்தது வேறே, நனைஞ்சது வேறே ஆக்கும்" என்பாள். நான் வெட்கத்தில் தலையை இழுத்துக்கொள்வேன். அவள் காதில் அதெல்லாம் விழாது.

மன்னி என் அண்ணாவின் மனைவி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஸ்ரீவராகத்தில் அந்த நீள வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். தெருவுக்குக் குழாய் வந்த புதிது. ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கிணறுதான். அண்ணா கச்சேரியில் ஹெட் கிளார்க். நான் விவசாய ஆபீசில் நகல் குமாஸ்தா. நகல் குமாஸ்தா என்றால் மேலே இருக்கிறவர்கள் எழுதியதைப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் அப்படியே எழுதித் தள்ளுகிறவன். மன்னி தென்காசிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்த மலையாள தேசத்துக்கு வந்து பதினைந்து வருஷத்தில், தண்ணீருக்கு வெள்ளமும் போதும் என்பதற்கு மதியும் வார்த்தைக்கு வார்த்தை ஆக்கும் நாக்கில் குடியேறிவிட்டன. பிறந்த வீட்டுக்குப் போனால் தங்கைகள் அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்களாம்.

அவள் பேச்சும் தண்ணீர் விடுகிற மாதிரிதான் இருக்கும். எதையும் ஒரேயடியாகக் கொட்ட மாட்டாள். நான் ஆபீஸ் பரீட்சையில் தோற்றேன். அண்ணாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மன்னிதான் பொறுப்பேற்றுக்கொண்டாள். முதல் நாள் அண்ணாவுக்குக் காப்பி கொடுக்கும்போது, இந்தத் தடவை பரீட்சை ரொம்பக் கடினமாமே என்று மட்டும் சொன்னாள். மறுநாள், கரமனையிலிருந்து எழுதின இரண்டு கெட்டிக்காரப் பையன்களுக்கே வரவில்லையாம் என்றாள். மூன்றாம் நாள்தான் என் விஷயத்தை எடுத்தாள். அதற்குள் அண்ணாவுக்குப் பாதி தெரிந்துபோயிருந்தது. சத்தம் போடவில்லை. அன்றைக்கு எனக்குச் சாதம் போடும்போது மன்னி தாழ்ந்த குரலில், "அடுத்த தடவை எழுதட்டும், ராத்திரி கண்முழிச்சு உடம்பைக் கெடுத்துக்க வேண்டாம்னு அண்ணா சொல்லச் சொன்னார்" என்றாள்.

அண்ணாவின் நல்ல வார்த்தைகள் எனக்கு எப்போதும் மன்னி வழியாகத்தான் வந்து சேரும். நேரே வருவதெல்லாம், கதவைச் சாத்து, குடையை விரித்து வை, என்ன மணி என்கிற மாதிரிதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மூத்தவர்கள் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

கொல்லையைப் பற்றிச் சொல்லவேண்டும். கிணற்றுக்கு அப்பால் எங்களுக்கு நல்ல இடம் இருந்தது. துளசி, நந்தியாவட்டை, அரளி, ஓரமாகக் கத்திரியும் வெண்டையும், சாக்கடை பக்கத்தில் சேம்பு. மண் மட்டும் மணல். மாசி வெயிலில் நாலு நாள் காய்ந்துவிட்டதென்றால் தண்ணீரைக் கண்டாலே அதற்குப் பிடிக்காது. குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, புழுதியைப் பூசிக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்து ஓடிப்போகும். ஒரு அங்குலம் தோண்டினால் உள்ளே மாவு மாதிரி காய்ந்து கிடக்கும். நான் ஐந்து குடம் இறைத்துக் கொடுப்பேன். மன்னி விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

ஒரு சனிக்கிழமை அண்ணா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் தலைக்குப் பூவந்திக்கொட்டைதான். மலையாளத்துக்காரர்கள் சோப்புங்காய் என்பார்கள். ஊறவைத்துக் கசக்கினால் பானை நிறைய நுரை கிளம்பும். அண்ணா தலையிலிருந்து வழிந்த அந்த நுரைத் தண்ணீர் கல்லைத் தாண்டி ஒரு காய்ந்த மண்திட்டுக்குப் போனது. எல்லாத் தண்ணீரையும் துரத்தியடிக்கிற அந்த மண் இதை மட்டும் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. அடுப்படி ஜன்னலிலிருந்து மன்னி அதைப் பார்த்துவிட்டாள். அண்ணா குளித்து எழுந்ததும் போய் விரலை விட்டாள். உள்ளங்கை வரைக்கும் ஈரம்.

மறுநாளே ஒரு பிடி பூவந்தியைக் கரைத்து, கெட்டியாக, கத்திரிச் செடிக்கெல்லாம் விட்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மண்புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வந்துவிட்டன. மன்னி போட்ட கூச்சலில் நான் பாதிச் சவரத்தோடு ஓடினேன். இரண்டு பேருமாக அவற்றைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, சேம்புப் பக்கத்து ஈர மண்ணில் விட்டோம். பாதிக்கு மேல் செத்துப்போயிற்று. அன்று மத்தியானம் மன்னி சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அளவு கண்டுபிடித்தாள். அளவு பார்க்க அவளுக்குச் சேம்பிலை. சேம்பிலையில் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் ஒட்டாமல் உருண்டோடும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். மன்னி பூவந்தித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். உருண்டால் போறாது. இலையோடு படிந்து, பரவி, அப்படியே உட்கார்ந்துவிட்டால் சரி. "மதி, இதுக்கு மேலே ஒரு பொட்டு வேண்டாம்" என்பாள். குடத்துக்கு இரண்டு கொட்டை என்று முடிவாயிற்று. அதில் ஒரு தேங்காய்ச் சிரட்டை மொண்டு முதலில் செடியின் காலடியைச் சுற்றி விடுவாள். கொஞ்சம் பொறுப்பாள். பிறகுதான் நல்ல தண்ணீர். முன்னே ஐந்து குடம் குடித்த செடிக்கு இரண்டு குடம் போதுமென்று ஆயிற்று. எனக்கு இறைக்கிற வேலை குறைந்ததால் நான் இந்த ஆராய்ச்சியை மனதாரப் பாராட்டினேன்.

தெருவில் கேலி பண்ணாமல் இருப்பார்களா? இவாத்துச் செடியெல்லாம் சனிக்கிழமை தோறும் எண்ணெய் ஸ்நானம் பண்றதாமே, தீபாவளிக்குப் புதுப் புடவை உண்டா என்று எதிர்வீட்டு மாமி கேட்டாள். மன்னியும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு மாதம் கழித்து அதே மாமி, குடத்துக்கு எத்தனை கொட்டை என்று வேலிப்பக்கமாக வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

அண்ணாவுக்கு இந்தக் கொல்லையில் ஒரே ஒரு சம்பந்தம்தான். பூப் பறிப்பார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு மாலை தினமும் பெருமாளுக்குப் போய்க்கொண்டிருந்தது. துளசியும் நந்தியாவட்டையும் கலந்து, வாழைநாரில் கட்டுகிற மாலை. விடிகிற முன்னே குளித்து, ஈர வேஷ்டியோடு பறித்து, வாயைத் திறக்காமல் கட்டி, கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபிறகுதான் அண்ணா முதல் வார்த்தை பேசுவார். கச்சேரியில் அவருக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். அந்தப் பெருமையை அவர் காட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. உற்சவ நாளில் பெருமாள் கழுத்தில் எங்கள் மாலை கிடப்பதைப் பார்க்கும்போது மட்டும் அவர் மார்பு ஒரு அங்குலம் நிமிரும்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் பூச்செடியிலெல்லாம் வெள்ளைப் பூச்சி வந்துவிட்டது. கோலமாவைத் தூவின மாதிரி தண்டிலும் இலையடியிலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சிற்று. மொட்டெல்லாம் கருகிப்போயிற்று. பங்குனி உற்சவத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. மன்னி வேப்பெண்ணெயைத் தண்ணீரில் விட்டு, மாவிலைக் கொத்தால் புண்ணியாக ஜலம் தெளிக்கிற மாதிரி தெளித்துப் பார்த்தாள். எண்ணெய் தனியாக மிதந்தது. ஒரு இலைக்கு வெறும் எண்ணெய், ஒரு இலைக்கு வெறும் தண்ணீர். எண்ணெய் பட்டது வெந்தது. தண்ணீர் பட்டதில் பூச்சி சௌக்கியமாக இருந்தது. அதன் மேல் இருக்கிற வெள்ளை மெழுகில் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. மாலைக்குப் பூ குறைந்துகொண்டே வந்தது. அண்ணா பறிக்கிற கூடையைக் கீழே வைக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார். மன்னி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பாள்.

இந்தப் பூச்சிக்கு மருந்து என்ன என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆபீசிலிருந்து குடியானவர்களுக்கென்று ஒரு நோட்டீஸ் போயிற்று. அதை நூறு தடவையாவது நகல் எடுத்திருப்பேன். மீன் எண்ணெய் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கவும். ஆபீஸ் கிடங்கில் அந்தச் சோப்பு கறுப்புக் களிம்பாக டின் டின்னாக இருந்தது. அக்கிரகாரத்துக்குள், அதுவும் பெருமாள் பூவுக்கு, அதைக் கொண்டுவரக் கூடாதென்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மன்னி முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிடங்குக்காரனிடம் ஒரு உருண்டை வாங்கினேன். வாடை தெரியக் கூடாதென்று அங்கேயே வேப்பெண்ணெயை விட்டுப் பிசைந்து, வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தேன்.

என்ன சோப்பு என்று மன்னி கேட்டாள். செடிக்கென்றே பண்ணுகிற சோப்பு, ஆபீசில் கொடுத்தார்கள் என்றேன். என்ன போட்டுப் பண்ணுவார்களாம் என்றாள். ஏதோ எண்ணெய் என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

சோப்பு அற்புதமாக வேலை செய்தது. நாலு நாளில் பூச்சி சுருண்டு உதிர்ந்தது. பத்தாம் நாள் கூடை நிறையப் பூ. அண்ணா மாலையைக் கட்டி, கையில் தூக்கிப் பிடித்து, நீளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்று சாயங்காலம் மன்னி எனக்கு மட்டும் தனியாக இரண்டு தோசை அதிகம் வார்த்துப் போட்டாள். அண்ணா உன்னைப் பற்றி ரொம்பச் சந்தோஷப்பட்டார் என்றும் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு அரை நாள் ஆபீஸ். நான் திரும்பி வந்தபோது மன்னி கொல்லைக் கதவருகில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். விறகு அடுக்குக்கு மேல் சோப்பு உருண்டையை ஒரு சிரட்டையால் மூடி வைத்திருந்தோம். எதிர்வீட்டுப் பூனை அந்தச் சிரட்டையைத் தள்ளிவிட்டு, முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிச் சோப்பை நக்கிக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய்க் கசப்புக்குத் தலையை உதறும், மறுபடியும் நக்கும். இன்னும் இரண்டு பூனைகள் மதில் மேல் முறை வைத்துக் காத்திருந்தன.

மன்னி பூனையை விரட்டவில்லை. "அம்பி, பூனை சோப்பை நக்குமோடா?" என்றாள்.

நான் போய்ப் பூனையை விரட்டிவிட்டுச் சிரட்டையை எடுத்து மூடினேன்.

"இதுல என்ன எண்ணெயாக்கும்?"

சொன்னேன். மன்னி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. எத்தனை மாலை போயிருக்கும் என்று விரல்விட்டு எண்ணினாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினேன். அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவர் உடைந்துபோவார், சோப்பை இன்றைக்கே தூர எறிந்துவிடலாம், இரண்டு மழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்றேன். அப்படியே சொல்லித்தான் தீரவேண்டுமென்றால் உங்கள் வழக்கப்படி நாலு நாள் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள் மன்னி என்றேன்.

"நாளைக்குக் கார்த்தால அவர் பறிப்பார்டா" என்றாள் மன்னி. "நனைச்சுண்டு நிக்க நேரமில்லை."

அண்ணா கச்சேரியிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காப்பி கொடுத்து, காற்று வீசவிட்டு, ஊர்க்கதை பேசி, பிறகு விஷயத்துக்கு வருகிற மன்னி, அன்று கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "பூச்செடிக்கு நான் தெளிச்ச சோப்புல மீன் எண்ணெய் இருக்கு. அந்தப் பூதான் இத்தனை நாளாப் பெருமாளுக்குப் போயிருக்கு. நான் சரியா விசாரிக்காம வாங்கிண்டுட்டேன். அம்பிக்கும் தெரியாது."

கடைசி இரண்டு வார்த்தை என் காதில் விழுந்தது. நான் அடுப்படி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. அண்ணா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குளத்துக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். அன்றிலிருந்து மன்னியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கோயில் விஷயம் சுலபமாகவே தீர்ந்தது. அண்ணா மறுநாள் விடியற்காலையில் கோயிலில் பூஜை பண்ணுகிற போற்றியிடம் போய், ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வயசான போற்றி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, மீனாகவே ஒரு தடவை பிறந்துவிட்டு வந்த பெருமாளுக்கு மீன் எண்ணெய் அவ்வளவு பெரிய அதிசயமா என்று கேட்டாராம். ஒரு புண்ணியாகம் பண்ணிவிடலாம், நீர் பாட்டுக்கு மாலையைக் கொண்டுவாரும் என்றாராம். அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை. பழைய இலை பூராவும் போய்ப் புதுத்தளிர் வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார். உற்சவத்துக்குக் கொடி ஏறிற்று. எல்லா வீட்டு மாலையும் போயிற்று. அண்ணா கூட்டத்துக்குப் பின்னால் தூணோரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

வீட்டில்தான் தீரவில்லை. அண்ணா சாப்பிட உட்காருவார். உப்புப் போறாவிட்டால் கேட்க மாட்டார். மன்னி முன்போலவே சின்னச் சின்னதாகப் பேச்சுக் கொடுப்பாள். இன்றைக்கு வெயில் அதிகம் என்பாள். பொறுப்பாள். மத்தியானம் மேகம் கூடினாற்போல் இருந்தது என்பாள். பொறுப்பாள். ஒன்றும் திரும்பி வராது. ஒரு நாள் கிணற்றடியில் என்னிடம், "சேம்பிலைக்குக்கூட ரெண்டு கொட்டை மதிடா. இவருக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியலை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோப்புப் பட்ட ஒவ்வொரு இலையையும் கையால் கழுவுவதென்று அவள் தீர்மானித்திருந்தாள். கழுவப் பூவந்தித் தண்ணீர். மண்ணுக்கு விடுகிற அதே தண்ணீர், அதே அளவு. மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, கவட்டை என்று துணியை நனைத்து நனைத்துத் துடைப்பாள். மிச்சமிருக்கிற பூச்சிக்காக அதில் இரண்டு சொட்டு வேப்பெண்ணெயையும் விட்டுக் கலக்கினாள். பால் மாதிரி வெளுத்தது. எண்ணெய் மேலே மிதக்கவில்லை. அந்தத் தண்ணீர் பூச்சியின் வெள்ளை மெழுகின் மேல் படிந்து, பரவி, உட்கார்ந்தது. மீன் செய்த வேலையை அந்தக் கொட்டையே செய்யுமென்று தெரிந்துபோயிற்று. வருஷக்கணக்காக அடுப்படிப் பரணில் கூடை கூடையாக இருந்த சாமான். மன்னி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு மாதம் முன்னாடியே தோணியிருக்கப்படாதா என்றாள்.

அப்படி ஒரு வாரம், பத்து நாள், பதினைந்து நாள் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மன்னி எனக்கு மோர் விட்டாள். மோர் தளும்பி அவள் விரலில் பட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நாள் முழுக்கப் பூவந்தித் தண்ணீரில் ஊறி, தோல் வெளுத்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தது. அந்த ஆள்காட்டி விரலில் ரத்தம் கசிந்திருந்தது. மோரின் உப்பு அதில் பட்டிருக்கிறது. மன்னி கையைப் புடவையில் மறைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டாள்.

கை கழுவிவிட்டு அண்ணா ஊஞ்சலில் உட்கார்ந்ததும் நான் எதிரே போய் நின்றேன். மன்னி கொல்லைக்குப் போயிருந்தாள். நானும் அவளைப் போலவே சொல்லிப் பார்க்கலாமென்று நினைத்தேன். ஆபீசில் பூச்சி மருந்துக்கு ஒரு நோட்டீஸ் போடுவார்கள், அதை நகல் எடுக்கிறபோது என்று இழுத்தேன். எனக்கு அந்த வித்தை வரவில்லை. அண்ணா கால் விரலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார்.

"நேரே சொல்லுடா" என்றார்.

சொன்னேன். தெரிந்தே கொண்டுவந்ததை, வாடை வராமலிருக்க எண்ணெயில் பிசைந்ததை, மன்னி கேட்டபோது மழுப்பியதை, அவள் என்னைக் காப்பாற்றினபோது வாயை மூடிக்கொண்டு நின்றதை, எல்லாம் சொன்னேன். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"அன்னிக்கே தெரியும்" என்றார் அண்ணா. "அந்தக் கடுதாசு எங்க கச்சேரிக்கும் உன் கையெழுத்துலதான் வந்தது. அதை நூறு தடவை எழுதினவன் நீ. உனக்குத் தெரியாதுன்னா யார் நம்புவா? நீயா வந்து சொல்றயான்னு பார்த்துண்டிருந்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெருமாள் விஷயத்துக்குப் போற்றி வழி சொல்லிட்டார்டா. அவ இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. உனக்காகச் சொல்லிட்டா. அதை என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியலை."

அவர் என்னிடம் ஒரே சமயத்தில் அத்தனை வார்த்தை பேசினது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போய்க் கிணற்றடியில் நின்றுவிட்டேன்.

மன்னி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நந்தியாவட்டையின் கீழ்க்கிளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, நான் என்று நினைத்து, அந்தத் துணியை எடுத்துக் கொடுடா என்று கையைப் பின்னால் நீட்டினாள். அண்ணா கல்லின் மேல் கிடந்த துணியை எடுத்து, சிரட்டையில் நனைத்து, பிழிந்து கொடுத்தார். மன்னி திரும்பினாள். அண்ணா அவள் கையைப் பார்த்தார். துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டி, அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அந்தத் தோட்டத்தில் அண்ணா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்படித் துடைக்கணும்?" என்றார்.

"அடிப்பக்கம் முதல்ல" என்றாள் மன்னி.

அண்ணா இலையைத் திருப்பித் துடைத்தார். கச்சேரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி நிதானமாக, ஒரு இலை, இரண்டு இலை, மூன்று இலை. அப்புறம் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே அவனுக்காக எங்கிட்டப் பொய் சொல்லப்படாது."

"இனிமே சொல்லலை" என்றாள் மன்னி. கொஞ்ச நேரம் பொறுத்தாள். "உங்களுக்காக அவன்கிட்ட எத்தனையோ சொல்லியிருக்கேன். அதுக்கு என்ன பண்றது?"

அண்ணாவின் கை நின்றது. அவர் சொன்னதாக மன்னி எனக்குக் கொண்டுவந்து கொடுத்த நல்ல வார்த்தைகளில் ஒன்றுகூட அவர் சொன்னதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அண்ணா மெள்ளத் திரும்பி என்னைப் பார்த்தார். தன் பேரில் மன்னி எனக்கு என்னென்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிற பார்வை அது. வெகு நேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் இலையின் பக்கம் குனிந்துகொண்டார்.

"அம்பி, வெயில்ல நிக்காதே. உள்ளே போ" என்றார்.

மன்னி வாயைத் திறக்கவில்லை. அது அண்ணாவே சொன்னது.